பாத்தியை மொட்டையடிக்காமல் குளிர்காலத்துக்கு அழகாகத் தயார் செய்வது எப்படி?

ஆவாரை | செப்டம்பர் 28

வணக்கம் நண்பர்களே. உறைபனி விழ இன்னும் நாலைந்து வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே எனக்கு ஒரு பூப்பாத்தி. 12 அடி நீளம், 4 அடி அகலம், களி சற்றுத் தூக்கலான மண். பின்வரிசையில் எக்கினேசியாவும் ருட்பெக்கியாவும். நடுவில் சீடம், நாலு டாலியா, ஒரு பியோனி, இரண்டு ரோஜா. நிழல் விழும் மூலையில் ஹோஸ்டா, முன்னால் பெட்டூனியா. ஒவ்வொரு அக்டோபரிலும் எல்லாவற்றையும் தரையோடு வெட்டி, மண்ணைக் கொத்திப் புரட்டி, சுத்தமாக விட்டுவிடுவேன். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டை விட்டு நகர முடியவில்லை. நாற்காலியை அந்த ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தே கிடந்தேன். எதிரே 48 சதுர அடி வெறும் மண். பனி பெய்தால் வெள்ளை, உருகினால் சேறு. கோடை முழுக்கப் பாடுபட்ட இடம் இப்படிக் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. இந்த வருடம் குளிர்காலத்தின் ஐந்து மாதமும் கண்ணுக்கு ஏதாவது இருக்க வேண்டும். எதை வெட்டுவது, எதை விடுவது, புதிதாக எதை நடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நொச்சி | செப்டம்பர் 28

ஆவாரை, கால் இப்போது பரவாயில்லையா?

கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதே நாற்காலியில் மறுபடியும் போய் உட்காருங்கள். கோடையில் நாம் செடிகளுக்கு நடுவே நடக்கிறோம், குனிந்து பூவைப் பார்க்கிறோம். குளிர்காலத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்ப்போம். அதனால் பாத்தியின் முகம் ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும், பாதையைப் பார்த்து அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்தே அலைபேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பிறகும் எந்தச் செடி தனியாகத் தெரிகிறதோ, அது குளிர்காலத்திலும் தெரியும். வெறும் சாம்பல் திட்டாகக் கலங்கித் தெரிவது அப்போதும் அப்படித்தான் இருக்கும்.

நீங்கள் சொன்ன பட்டியலில் எக்கினேசியா, ருட்பெக்கியா, சீடம் மூன்றையும் தொடாதீர்கள். எக்கினேசியாவின் இதழ் உதிர்ந்த பிறகு கூம்பு கறுத்து, முள்ளுருண்டை மாதிரி விறைப்பாக நிற்கும். சீடத்தின் தட்டையான பூங்கொத்து செங்காவி நிறத்தில் காய்ந்து, பனி பெய்யும்போது ஒவ்வொன்றும் ஒரு தட்டு வெள்ளையை ஏந்திக்கொண்டிருக்கும். விதை இருக்கும் வரை குருவிகளும் வரும். காய்ந்த தண்டுகளின் குழலுக்குள் சிறு தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. செடியின் அடிச்சருகில் பொறிவண்டுகள் பதுங்கும்.

இலையுதிர்காலத்தில் பாத்தியைத் தயார் செய்வது என்றால் எல்லாவற்றையும் அகற்றுவது என்று நமக்குப் பதிந்துவிட்டது. நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். எது நிற்கப் போகிறது என்று தேர்ந்தெடுப்பதுதான் தயாரிப்பு.

மண்வெட்டி | செப்டம்பர் 29

நொச்சி சொல்வதைப் பாதிதான் ஏற்க முடிகிறது. நானும் இரண்டு வருடம் எதையும் வெட்டாமல் விட்டுப் பார்த்தேன். முதல் வருடம் ஹோஸ்டா இலை அழுகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. வசந்தத்தில் அதைத் தூக்கினால் அடியில் கொத்துக் கொத்தாக நத்தை முட்டை. இரண்டாம் வருடம் ஃப்ளாக்ஸ் செடிகளில் சாம்பல் நோய், முந்தைய வருடத்தைவிட அதிகம். ருட்பெக்கியா விதை பாத்தி முழுக்க விழுந்து, மே மாதம் முழுவதும் நாற்றுகளைப் பிடுங்குவதிலேயே போய்விட்டது. வெட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் தோட்டத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. அதற்கும் காரணம் இருக்கிறது.

நொச்சி | செப்டம்பர் 29

மண்வெட்டி சொல்வது சரி, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எதையும் வெட்டாமல் விடுங்கள் என்பது என் பேச்சு இல்லை.

நோய் பிடித்தது போக வேண்டும். ரோஜா இலையில் கரும்புள்ளி இருந்தால் உதிர்ந்த இலை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். அந்தப் பூஞ்சை கீழே விழுந்த இலையிலேயே குளிரைத் தாண்டி, வசந்த மழையில் தெறித்து மறுபடி ஏறும். பியோனியைத் தரையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள், அதற்கும் சாம்பல் அழுகல் வரும். இந்தக் கழிவுகளை வீட்டு மட்குக் குழியில் போடாதீர்கள். நம் குழியில் பூஞ்சை சாகும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை.

நின்று காயாமல் சரிந்து கூழாகிற செடியும் போக வேண்டும். ஹோஸ்டா அந்த வகை. முதல் உறைபனியில் வதங்கியதும் எடுத்துவிடுங்கள், நத்தைக்குக் கூரை போட்டுக் கொடுக்க வேண்டாம். ருட்பெக்கியா விதை பரவுவது தொல்லை என்றால் பாதித் தலைகளைக் கொய்துவிட்டு மீதியை விடலாம்.

மற்றபடி நிமிர்ந்து காய்வது எல்லாம் நிற்கட்டும்.

தும்பை | செப்டம்பர் 30

இவ்வளவு பேசுகிறோம், பாத்தியின் ஓரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! என்னைக் கேட்டால் குளிர்காலப் பாத்தியின் அழகில் பாதி அதில்தான் இருக்கிறது.

காய்ந்த தண்டுகளை நிறுத்தி வைத்தால் பார்க்கிறவர்களுக்குக் கவனிப்பாரற்ற இடம் மாதிரித் தோன்றும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. ஒரு அக்டோபரில் ஓரத்தை மட்டும் வெட்டினேன், உள்ளே ஒரு செடியையும் தொடவில்லை. அன்றைக்கு மாலையே அந்த இடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே இருக்கிற காய்ந்த செடி ஒவ்வொன்றும் வேண்டுமென்றே வைத்தது போலத் தெரிந்தது.

நான் செய்வது இதுதான். முதல் நாள் மழை பெய்து, மறுநாள் மண் பதமாக இருக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாகணும், ஆனால் ஒட்டக் கூடாது. தண்ணீர்க் குழாயைப் புல்தரையும் பாத்தியும் சேரும் இடத்தில் நீளமாகப் போட்டு வளைவைச் சரிசெய்வேன். சின்னச் சின்ன நெளிவுகள் வேண்டாம், நீண்ட ஒரே வளைவு போதும். அப்புறம் பிறை வடிவ மண்வெட்டியை (தட்டையான எந்த மண்வெட்டியானாலும் சரி) குழாயின் ஓரமாக நேர் செங்குத்தாக வைத்துக் காலால் அழுத்த வேண்டும். 10 செ.மீ. இறங்கினால் போதும். புல் வேர் அறுபடும்போது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்தால்தான் முழுதாக வெட்டியது என்று அர்த்தம். ஒரு மண்வெட்டி அகலம் தள்ளி அடுத்தது, முந்தையதோடு கொஞ்சம் ஒன்றுடன் ஒன்று படும்படி. கடைசி வரை போய்விட்டு, பாத்திப் பக்கமிருந்து சரிவாக வெட்டி அந்த மண் துண்டுகளை எடுத்தால் புல்பக்கம் செங்குத்து, பாத்திப்பக்கம் சரிவு என்று ஒரு சிறு வாய்க்கால் கிடைக்கும்.

புல்லோடு வந்த துண்டுகளைத் தலைகீழாக அடுக்கி மட்க விடுங்கள். வேர் இல்லாத மண்ணைப் பாத்திக்குள்ளேயே வீசலாம். உறைபனி விழுந்த காலையில் அந்தக் கோடு எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று பாருங்கள். மெல்லிய பனி விழுந்தாலும் அந்த இடம் நிழலாக ஒரு கோடு காட்டும். 12 அடிப் பாத்திக்கு ஒரு மணி நேர வேலை.

ஆவாரை | அக்டோபர் 1

தும்பை அக்கா, இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. சனிக்கிழமை மழை என்கிறார்கள், ஞாயிறு வெட்டிவிடுகிறேன்.

அடுத்த சந்தேகம். மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டுமா, வேண்டாமா? மூடாக்கு (மண்ணை மூடும் சருகு அடுக்கு) எப்போது போடுவது? நம் பக்கம் டிசம்பரில் மண் உறையும். ஆனால் இடையிடையே இளகும், மறுபடி உறையும்.

குறிஞ்சி | அக்டோபர் 1

கொத்த வேண்டாம். களிமண்ணை ஈரத்தில் புரட்டினால் கட்டி கட்டியாக இறுகிப் போகும். மேலே 5 செ.மீ. நன்றாக மட்கிய உரத்தைப் பரப்பி விடுங்கள், மண்புழு அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்வைக்கும் நல்லது. அந்தக் கரிய பின்னணியில் காய்ந்த பொன்னிறத் தண்டுகள் எடுப்பாகத் தெரியும்.

மூடாக்கு விஷயத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். நீங்கள் சொன்ன 'உறைவதும் இளகுவதும்' தான் செடிக்கு உண்மையான ஆபத்து, வெறும் குளிர் அல்ல. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. அதோடு கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி மண்ணுக்குள் பனிக்கட்டி அடுக்கடுக்காக வளரும். அது ஆழமாக வேர் விடாத செடியை அப்படியே மேலே நெம்பிவிடும். பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் வேர் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும். மூடாக்கின் வேலை மண்ணைச் சூடாக வைப்பது இல்லை, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைப்பது. அதனால் இந்த இலையுதிர்காலத்தில் நடும் புதுச் செடிகளுக்கு மண் மேற்பரப்பு ஒருமுறை உறைந்த பிறகு மூடாக்குப் போடுங்கள். முன்னாடியே தடிமனாகப் போட்டால் எலிகளும் அதில் குடியேறும்.

சருகு கிடைத்தால் அதைவிட நல்ல மூடாக்கு இல்லை. ஆனால் முழு இலையாகப் போடாதீர்கள். நனைந்து அப்பளம் அப்பளமாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டு தடவை மேலே ஓட்டி நொறுக்கிப் போட்டால் 5 முதல் 8 செ.மீ. உயரம் போதும். மிச்சச் சருகைக் கம்பி வலைக் கூண்டில் போட்டு வையுங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் கறுத்து உதிர்கிற இலைமட்காகிவிடும்.

ஒன்று மட்டும் கவனம். செடியின் கழுத்தை, அதாவது தண்டு மண்ணோடு சேரும் இடத்தை, மூடக் கூடாது. நான் ஒரு வருடம் ஆசை ஆசையாக வாங்கிய ஊதா ஹியூகெரா மூன்றை நல்லெண்ணத்தில் கழுத்து வரை மூடினேன். மார்ச்சில் கையால் தொட்டதும் மூன்றும் தண்டோடு கழன்று வந்தன. குளிரால் போகவில்லை, என் மூடாக்கில் அழுகிப் போயின. ஒரு கைப்பிடி அகலம் இடைவெளி விட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

ஆவாரை | அக்டோபர் 5

ஓரம் வெட்டிவிட்டேன். தும்பை அக்கா சொன்ன அந்தச் சத்தம் வந்தது! உண்மையிலேயே பாத்தி நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

இப்போது முன்வரிசை. பெட்டூனியா எப்படியும் முதல் உறைபனியில் போய்விடும். பழுப்பு நிறம் அழகுதான், ஆனால் கொஞ்சம் நிறமும் வேண்டும். இப்போது நட்டால் பிடிக்கக் கூடியது எது?

எருக்கு | அக்டோபர் 6

இதில் எனக்கு ஆர்வம் அதிகம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் விதி, காத்திருக்காதீர்கள். மண் உறைவதற்கு ஆறு வாரத்துக்கு முன்பாவது நட்டால்தான் வேர் பிடிக்கும். பெட்டூனியா இன்னும் பூக்கிறதே என்று இரக்கப்பட்டு நவம்பர் வரை வைத்திருந்தால் அந்த இடம் வெறுமையாகத்தான் கிடக்கும். இந்த வாரமே எடுங்கள்.

சின்னப் பூ வயோலாவை நடுங்கள். பெரிய பூ பான்சியும் நல்லதுதான், ஆனால் மழையிலும் பனியிலும் அதன் இதழ் நைந்து தொங்கும். வயோலா பூ சிறிது, எண்ணிக்கை அதிகம், சீக்கிரம் தெளியும். கடும் உறைபனியில் செடி செத்தது போலச் சுருண்டு படுக்கும். பதறிப் பிடுங்கிவிடாதீர்கள், இளகியதும் எழுந்து நிற்கும்.

அலங்கார முட்டைக்கோஸ் இன்னொன்று. குளிர் ஏற ஏறத்தான் அதன் நிறம் ஏறும். இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் நடு இலைகள் ஊதாவாகவும் வெண்மையாகவும் மாறத் தொடங்கும். அது குளிரில் பெரிதாக வளராது. ஆகவே இடம் விட்டு நடாமல் இலையோடு இலை தொடும்படி நெருக்கி நடுங்கள். தண்டு நீண்டிருந்தால் கீழ் இலை மண்ணைத் தொடும் ஆழத்துக்கு இறக்குங்கள். நெட்டைத் தண்டோடு நட்டால் குடை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். மிகக் கடுமையான உறைபனிக்குப் பின் அது அழுகி நாறலாம், அப்போது எடுத்துவிட வேண்டியதுதான்.

பல வருடம் நிற்க வேண்டும் என்றால் ஹெல்லெபோர். உங்கள் ஹோஸ்டா மூலைக்கு அது கச்சிதம். ஹோஸ்டா மறைந்திருக்கும் காலத்தில் அது பூக்கும். அதன் காலடியில் சைக்ளமன் கோவம் வைத்தால் ஜனவரியிலிருந்தே இளஞ்சிவப்புப் பூ வரும். கடைகளில் சைக்ளமன் என்று விற்கும் பெரிய பூ வகை வீட்டுக்குள் வைப்பது, அது உறைபனி தாங்காது. பெயர்ச்சீட்டில் கோவம் என்று இருக்கிறதா பாருங்கள். ஹெதர் என்ற சிறு புதர்ச் செடியிலும் வகை பார்த்து வாங்க இதே கவனம் வேண்டும். எரிக்கா கார்னியா குளிர்காலத்தில் பூக்கும், சுண்ணாம்பு கலந்த மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். கல்லூனாவுக்கு அமில மண்தான் வேண்டும்.

இடம் இருந்தால் பின்னால் ஒரே ஒரு சிவப்புத் தண்டு டாக்வுட். கோர்னஸ் ஆல்பா சிபிரிகா என்று கேளுங்கள். இலை உதிர்ந்ததும் தண்டு பவளம் மாதிரிச் சிவக்கும். அந்தச் சிவப்பு இளம் தண்டில்தான் இருக்கும். அதனால் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத் தொடக்கத்தில் தரையிலிருந்து ஒரு சாண் கூட விடாமல் கவாத்து செய்ய வேண்டும். கவாத்து செய்ய மனம் வராதவர்கள் வீட்டில் அது வெறும் பழுப்புப் புதராகத்தான் நிற்கிறது.

நொச்சி | அக்டோபர் 6

எருக்கு சொன்னதோடு ஒரு புல்லையும் சேர்க்கிறேன். கலமாக்ரோஸ்டிஸ் வகையில் 'கார்ல் ஃபோர்ஸ்டர்' என்று ஒன்று உண்டு. ஜெர்மனியில் நாற்றுப்பண்ணை நடத்திய கார்ல் ஃபோர்ஸ்டரின் (1874–1970) பெயர் வைத்தது. ஐந்தடி உயரம் நேராக வளர்ந்து, கோதுமை நிறத்தில் காய்ந்து, பனிக்காற்றிலும் பெரும்பாலும் சாயாமல் நிற்கும். விதை முளைக்காது என்பதால் மண்வெட்டி பயப்படுகிற நாற்றுத் தொல்லையும் இல்லை. குளிர்ப் பருவத்தில் வளரும் புல், அதனால் இப்போதும் நடலாம். மிஸ்கான்தஸ் போன்ற வெப்பப் பருவப் புல்லை வசந்தத்தில் நடுவதுதான் நல்லது.

எங்கே நடுவது என்பதுதான் முக்கியம். குளிர்காலச் சூரியன் வானத்தில் தாழ்வாகவே போகும், வெளிச்சம் படுக்கையாக வரும். உங்கள் நாற்காலிக்கும் அந்த வெளிச்சத்துக்கும் நடுவே புல் நின்றால், காலையிலோ மாலையிலோ கதிர் ஒவ்வொன்றும் விளக்கு ஏற்றியது போல ஒளிரும். அதே புல்லைச் சூரியனுக்கு எதிர்ச் சுவர் ஓரம் நட்டால் வெறும் வைக்கோல்தான். உட்கார்ந்து எந்த நேரம் எந்தப் பக்கம் வெளிச்சம் வருகிறது என்று ஒரு நாள் பாருங்கள்.

நெதர்லாந்துக்காரர் பியட் ஔடோல்ஃப் இந்த அழகைத்தான் வாழ்க்கை முழுக்கச் செய்து காட்டியிருக்கிறார். பூக்கும்போது மட்டுமல்ல, காய்ந்த பிறகு எப்படி நிற்கும் என்று பார்த்தே செடியைத் தேர்ந்தெடுப்பவர். 2009-இல் நியூயார்க்கில் பழைய ரயில் மேம்பாலத்தின் மேல் திறந்த ஹை லைன் பூங்காவின் செடி அமைப்பு அவருடையது. அங்கே தண்டுகளைக் குளிர்காலம் முழுக்க நிற்கவிட்டு மார்ச்சில்தான் வெட்டுகிறார்கள். அத்தனை பேர் நடக்கிற பொது இடத்திலேயே அப்படிச் செய்ய முடிகிறது என்றால் நம் வீட்டு ஜன்னலுக்கு எதிரே தாராளமாகச் செய்யலாம்.

பூவரசு | அக்டோபர் 7

அருமையான இழை. பூமியின் தென்பாதியில் இருக்கும் நண்பர்கள் மாதங்களை ஆறு தள்ளிக் கணக்கிடுங்கள். இங்கே அக்டோபர் என்று சொல்வது எங்களுக்கு ஏப்ரல். நான் இதைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

ஆவாரை | அக்டோபர் 12

வயோலா 24, அலங்கார முட்டைக்கோஸ் 5, ஹெல்லெபோர் 2, கார்ல் ஃபோர்ஸ்டர் 1 நட்டாகிவிட்டது. டாக்வுட்டுக்கு இடம் போதவில்லை. வசந்தத்தில் மலரும் கிழங்குகளையும் இப்போதே வைக்க வேண்டும் அல்லவா? போன முறை ட்யூலிப் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் வரிசையாகக் குழிகள், அணில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

தும்பை | அக்டோபர் 13

அணிலுக்கு ட்யூலிப்பும் குரோக்கசும் விருந்து. நார்சிசஸ் கிழங்கில் நச்சு இருப்பதால் அதைத் தொடாது, வெங்காயக் குடும்பத்து அல்லியத்தின் வாசனையும் பிடிக்காது. அதனால் நார்சிசஸை அதிகமாக வையுங்கள், அதை இந்த மாதமே வைக்கலாம். ட்யூலிப்புக்கு அவசரமில்லை. நவம்பரில், மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு வைத்தால் இலைகளைக் கருக்குகிற பூஞ்சை நோய் குறைவாக வரும்.

ஆழம் கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ட்யூலிப்பும் நார்சிசஸும் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது, குரோக்கசுக்கு 8 செ.மீ. போதும். வைத்து மண் மூடியதும் மேலே கோழிவலையைப் படுக்கப் போட்டு, அதன் மேல் இரண்டு விரல் மண். முளை வலைக் கண் வழியே வந்துவிடும். கிழங்கின் காய்ந்த தோல் மண் மேல் சிதறிக் கிடந்தால் பொறுக்கிவிடுங்கள், அந்த வாசனைதான் அணிலைக் கூப்பிடுகிறது.

இன்னொன்று, வரிசையாக வைக்காதீர்கள். சீடம், எக்கினேசியா செடிகளுக்கு இடையில் ஐந்து, ஏழு என்று கொத்தாக வையுங்கள். மே மாதம் அதன் இலை மஞ்சளாகிச் சாயும்போது இந்தச் செடிகள் எழுந்து மறைத்துவிடும்.

மண்வெட்டி | அக்டோபர் 13

டாலியாவை யாரும் சொல்லவில்லையே. மண் உறையும் இடத்தில் அதை விட்டுவைக்க முடியாது. முதல் உறைபனியில் இலை கறுக்கும், அப்போதுதான் எடுக்க வேண்டும், அதற்கு முன் வேண்டாம். தண்டை 10–15 செ.மீ. விட்டு வெட்டி, ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் மண் கிளறும் தோட்ட முள்கரண்டியை இறக்கி மெதுவாகத் தூக்குங்கள். கழுத்து ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. தலைகீழாகச் சில நாள் வைத்தால் குழல் தண்டில் தேங்கிய நீர் வடிந்துவிடும். பிறகு மரத்தூளிலோ லேசான ஈரமுள்ள மணலிலோ புதைத்து, 4 முதல் 10 டிகிரி இருக்கிற இருட்டான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து அழுகியதை எறியுங்கள். எடுக்கும் முன் ஒவ்வொரு செடியிலும் நிறம் எழுதிய சீட்டைக் கட்டுங்கள், தண்டு போன பிறகு எல்லாக் கிழங்கும் ஒன்றுதான்.

ரோஜாவுக்கு இனி தழைச்சத்து உரம் வேண்டாம், இளந்தளிர் விட்டால் பனியில் கருகும். பெரிய கவாத்தும் இப்போது வேண்டாம். காற்றில் ஆடாமல் இருக்க நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். கடும் குளிர் இடமானால் ஒட்டுக்கட்டிய முடிச்சின் மேல் 20–30 செ.மீ. மண் அணைக்கலாம். அந்த மண்ணை வேறு இடத்திலிருந்து கொண்டு வாருங்கள். அங்கேயே சுரண்டினால் வேர் வெளியே வந்துவிடும்.

டாலியா எடுத்த குழிகளை வெறுமையாக விடாமல் தும்பை சொன்ன ட்யூலிப்பை அங்கே வைக்கலாம். அடுத்து டாலியா நடுவதற்குள் ட்யூலிப் பூத்து முடியும்.

குறிஞ்சி | நவம்பர் 3

ஆவாரை, மண் உறைவதற்கு முன் ஒரு நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஹெல்லெபோர் மாதிரிக் குளிரிலும் இலையோடு நிற்கிற செடிகள் பலவும் காய்ந்துதான் சாகின்றன. வெயிலும் காற்றும் இலையிலிருந்து நீரை இழுக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாது. இந்த இலையுதிர்காலம் மழை குறைவு என்பதால் ஞாபகப்படுத்துகிறேன்.

ஆவாரை | டிசம்பர் 9

நண்பர்களே, இன்று காலை பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரவு காற்றில்லை, மூடுபனி. விடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். எக்கினேசியாக் கூம்பின் முள் ஒவ்வொன்றிலும் வெள்ளை ஊசி மாதிரிப் பனி படிந்திருந்தது. சீடம் தலைகள் தூள் சர்க்கரை தூவியது போல. வெட்டிய ஓரம் நீலம் கலந்த நிழலாக ஒரே கோடு. எட்டே முக்கால் மணிக்கு வெளிச்சம் புல்லுக்குப் பின்னால் வந்தது, கதிர் முழுக்கத் தங்கமாகிவிட்டது. பத்து நிமிடம் கூட இருக்காது. அதற்குள் ஒரு சின்னக் குருவி கூம்பின் மேல் வந்து உட்கார்ந்து விதையைக் கொத்த, பனி பொடியாகக் கொட்டியது. தண்டு வளைந்ததே தவிர ஒடியவில்லை.

போன வருடம் இதே நாற்காலி, இதே ஜன்னல்.

மண் மேலாக உறைந்துவிட்டது, நாளை நொறுக்கிய சருகைப் போடுகிறேன். முட்டைக்கோஸ் ஐந்தும் ஊதாவாகிவிட்டன. வயோலா மட்டும் சுருண்டு படுத்திருக்கிறது, எருக்கு சொன்னபடி தொடவில்லை.

எருக்கு | டிசம்பர் 9

படித்ததும் அவ்வளவு சந்தோஷம். வயோலா எழும், பாருங்கள்.

ஆவாரை | பிப்ரவரி 22

எழுந்துவிட்டது, 24-இல் 21. முட்டைக்கோஸ் இரண்டு ஜனவரிக் குளிரில் அழுகின, எடுத்துவிட்டேன். ஹெல்லெபோர் ஒன்று மொட்டு விட்டிருக்கிறது. இன்னொன்று குறிஞ்சி சொன்ன மாதிரி மண்ணிலிருந்து இரண்டு விரல் மேலே கிளம்பி, வேர் தெரிகிறது. என்ன செய்வது? சருகுக்கு அடியில் பச்சை முளைகளும் தெரிகின்றன. மூடாக்கை எடுத்துவிடவா? தண்டுகளை எப்போது வெட்டுவது?

குறிஞ்சி | பிப்ரவரி 22

மண் இளகிய நாளில் அந்த ஹெல்லெபோரைக் கையால் மெதுவாகக் கீழே அழுத்தி, பக்கத்து மண்ணை அணைத்து, மேலே ஒரு கைப்பிடி மட்கு போடுங்கள். காலால் மிதிக்க வேண்டாம். உறைந்திருக்கும்போது அழுத்தினால் வேர் அறுந்துவிடும், ஒரு நாள் பொறுங்கள். சருகு மூடாக்கை எடுக்க வேண்டாம், முளை அதைத் துளைத்து வரும். எங்காவது அட்டை மாதிரி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் விரலால் கிளறி விடுங்கள்.

நொச்சி | பிப்ரவரி 23

தண்டுகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரியைத் தாண்டட்டும். அப்போது தரையோடு வெட்டாமல் 20 முதல் 60 செ.மீ. வரை வெவ்வேறு உயரத்தில் விடுங்கள். புதுத் தேனீக்கள் அந்தக் குழல்களில்தான் கூடு கட்டும், புது இலைகள் வளர்ந்து அவற்றை மறைத்துவிடும். வெட்டிய மேல் பகுதியை உடனே மட்குக் குழிக்கு அனுப்பாமல் ஒரு மூலையில் தளர்வாகச் சாய்த்து வையுங்கள். புல்லை மட்டும் பச்சை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, கயிற்றால் கட்டுக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்துவிடுங்கள். தாமதித்தால் புதுத் தளிரின் நுனியும் சேர்ந்து வெட்டுப்படும்.

மண்வெட்டி | பிப்ரவரி 23

நான் இந்த வருடம் எக்கினேசியாவையும் சீடத்தையும் விட்டுப் பார்த்தேன். எக்கினேசியா நன்றாகவே நின்றது, அதை இனி வெட்ட மாட்டேன். சீடம் ஈரப் பனியின் பாரத்தில் நடுவில் பிளந்து நாலா பக்கமும் சாய்ந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை, அடுத்த முறை வெட்டிவிடுவேன். ஆவாரை, உங்களுடையது எப்படி நின்றது?

ஆவாரை | பிப்ரவரி 24

இன்றைக்கும் நேராகத்தான் நிற்கிறது. வெயில் நன்றாக விழும் இடம், உரமும் அதிகம் போடவில்லை, அதனால் தண்டு கட்டையாக வளர்ந்திருக்கலாம். உங்களுடையது நிழலிலா இருக்கிறது?

மண்வெட்டி | பிப்ரவரி 24

ஆமாம், மதியத்துக்கு மேல் நிழல். போன வருடம் தொழுவுரமும் நிறையப் போட்டேன். சரி, ஏப்ரலில் பிரித்து வெயிலுக்கு மாற்றிப் பார்க்கிறேன்.